ரூகர் மார்க் 2 பிஸ்டலில் இறங்க மறுத்த ஒரு பின்

சென்ற மாதம் கைக்கு வந்த ஒரு பழைய ரூகர் மார்க் 2 பிஸ்டலைச் சுத்தம் செய்வதற்காகப் பிரிக்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று மாலைகளை எடுத்துக்கொண்டது. காரணம் ஒரே ஒரு பின், பாகங்களைப் பூட்டி வைக்கும் எஃகு ஆணி. அது ஏன் இறங்கவில்லை, எதைச் செய்தபோது இறங்கியது என்பதை, செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

பிஸ்டல் .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கானது. இலக்குப் பயிற்சிக்கு இதைவிட நிதானமான, செலவு குறைந்த கருவி கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில் 1949-இல் தொடங்கிய நிறுவனம், அதே ஆண்டு 37.50 டாலர் விலையில் விற்ற 'ஸ்டாண்டர்ட்' பிஸ்டலின் வழித்தோன்றல் இது. மார்க் 2 என்னும் வடிவம் 1982-இல் வந்து 2004 வரை தயாரிப்பில் இருந்தது. இரண்டு எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, நடுவில் வெல்டிங் செய்து ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) ஆக்கும் முறையால்தான் முதல் பிஸ்டலை அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. பெரும்பாலான பிஸ்டல்களில் மேற்பகுதி முன்னும் பின்னும் நகரும்; இதில் குழலும் அதோடு திருகி இணைத்த ரிசீவர் உருளையும் அசையாமல் இருக்க, உருளைக்குள், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் மட்டும் ஓடுகிறது. குறிமுனைகள் இரண்டும் அசையாத பாகத்தின் மேலேயே நிற்பதால் இலக்கின் துல்லியத்துக்கு அது பெரும் துணை.

இந்த அமைப்பு முழுவதையும் கட்டி வைத்திருப்பது போல்ட் ஸ்டாப் பின் என்னும் ஒற்றை எஃகுத் துண்டு. கைப்பிடியின் முதுகாக அமைந்திருக்கும் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கின் மேல்முனையில் கீல் போல இணைந்திருக்கும் இந்தப் பின், ஃபிரேமைத் துளைத்து, ரிசீவரைத் துளைத்து, போல்டின் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியாக மேலேறி, பின்பக்கக் குறிமுனைக்கு அருகில் ரிசீவரின் முதுகில் தலை காட்டுகிறது. பின்னோக்கி வரும் போல்டைத் தடுத்து நிறுத்துவதும், ரிசீவரை ஃபிரேமோடு பூட்டி வைப்பதும் இதுதான். போதாததற்கு, போல்டை முன்னே தள்ளுவதற்காக அதன் மேற்புறத்தில் இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங்கின் பின்முனையும் இதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. இத்தனை பொறுப்புள்ள பின் துளையில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதுதான் முறை. லேசாக ஆடினாலும் ரிசீவரும் சேர்ந்து ஆடும். ஆகவே புதிய பிஸ்டலில்கூட இது கையால் இழுத்தவுடன் வந்துவிடாது. ஆனால் நைலான் சுத்தியலால் ஓரிரு தட்டுத் தட்டியதும் வர வேண்டும்.

எனக்கு முன்பு இதை வைத்திருந்த பெரியவர், விரல்களில் வலுக் குறைந்துவிட்டதால் பல ஆண்டுகளாக இதைப் பிரிக்கவே இல்லை என்று விற்கும்போதே சொல்லியிருந்தார். .22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகோ கிரீசோ பூசியிருப்பார்கள். தோட்டா வெடித்ததும் காலி உறையே போல்டைப் பின்னுக்குத் தள்ளும் அமைப்பு இது என்பதால், கரியும் ஈயத்தூளும் மெழுகும் எரியாத மருந்துத் துகளும் சேர்ந்து உள்ளே திரும்பி வந்து படிகின்றன. மேலே விட்ட எண்ணெயும் நாளடைவில் காற்றுப்பட்டுக் கெட்டியாகி வார்னிஷ் போல ஆகிவிடும். பின்னின் தலையைச் சுற்றி, தேனின் நிறத்தில் மெல்லிய வளையமாக அந்த வார்னிஷ் உறைந்திருந்ததை முதல் பார்வையிலேயே கண்டேன். அதைக் கண்ட திருப்தியில் வேறெதையும் தேடாமல் விட்டதுதான் நான் செய்த முதல் பிழை.

வேலையைத் தொடங்குமுன் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். மேகசினைக் கழற்றினேன். போல்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறையை விளக்கொளியில் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்த்தேன். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் இந்த இரண்டு சோதனைகளையும் ஒன்றாகச் சுருக்கக் கூடாது. இருட்டில் கண் ஏமாறும், அவசரத்தில் விரல் ஏமாறும். அதன்பின் போல்டை முன்னே விட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து விசையை அழுத்தி ஹேமரை (தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் பாகம்) இறக்கினேன். ஹேமர் பின்னால் ஏறி நிற்கும்போது, அதை முன்னே தள்ளும் மெயின்ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் இருக்கும். அந்த நிலையில் ஹவுசிங்கைத் திறக்கப் போராடுவது வீண் வேலை. பின் வரவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். என் பிஸ்டலில் ஹேமர் இறங்கியே இருந்தது.

முதல் மாலை, ஹவுசிங்கின் முதுகில் இருக்கும் கொக்கியைத் திறப்பதற்கே சற்று நேரம் பிடித்தது. நகத்துக்கு அது மசியவில்லை. பேப்பர் கிளிப்பை வளைத்து நுழைத்தேன், கிளிப்தான் நிமிர்ந்தது. கடைசியில் சிறிய திருப்புளியின் நுனியில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, ஓரத்தில் கீறல் விழாமல் நெம்பித் திறந்தேன். ஹவுசிங் பின்னோக்கி விரிந்தது. அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வரவில்லை. தோல் துண்டைச் சுற்றி, பிடியை இறுக்கி, உடல் பலத்தோடு இழுத்தபோதும் அசையவில்லை. இடது கையில் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு, மேலே தெரியும் பின்னின் தலையை நைலான் சுத்தியலால் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பிஸ்டல் முழுவதும் கையோடு சேர்ந்து கீழே போய்த் திரும்பி வந்ததே தவிர, பின் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றைக்கு அத்தோடு நிறுத்தி, ஊடுருவும் எண்ணெய் விடுவதென்று முடிவு செய்தேன். கைப்பிடித் தகடுகளைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, பின்னின் தலையைச் சுற்றி மேலிருந்து சில துளிகளும், பிஸ்டலைத் தலைகீழாகத் திருப்பி ஃபிரேமின் துளை வழியாகச் சில துளிகளும் விட்டேன். பட்டறைகளில் அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் கலந்து இதே வேலைக்குப் பயன்படுத்துவார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் மரத்தின் மேற்பூச்சையும் தின்றுவிடும் என்பதால், துப்பாக்கிக்கு நான் அதைத் தொடுவதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண ஊடுருவும் எண்ணெயே போதும், அதற்குத் தேவை நேரம் மட்டுமே. காலையில் பார்த்தபோது, அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் காப்பிக் கறைபோலப் பழுப்பு நிறம் இறங்கியிருந்தது. வார்னிஷ் கரைந்திருக்கிறது. இனி வந்துவிடும் என்று முழுமையாக நம்பினேன்.

இரண்டாம் மாலை தட்டியபோதும் வரவில்லை. அப்போதுதான் அடியின் வலிமை எங்கே போகிறது என்று யோசித்தேன். கையில் பிடித்த பொருளின் மேல் விழும் அடியில் பெரும்பகுதியை மணிக்கட்டே வாங்கிக்கொள்கிறது. குழலை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடி) பிடித்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. பின் இருப்பது வைஸிலிருந்து தள்ளி, அந்தரத்தில் நிற்கும் முனையில் என்பதால், அங்கே அடித்தால் பிஸ்டல் வில்போல அதிருமே தவிர, பின்னுக்கும் ஃபிரேமுக்கும் இடையே நகர்ச்சி உண்டாகாது. ஃபிரேமையே வைஸில் இறுக்குவதை எண்ணிப் பார்க்கவும் கூடாது. தகடுகளை ஒட்டிச் செய்த ஃபிரேம் அது; வைஸின் வாய் நசுக்கிவிட்டால் மேகசின் நுழையாமல் போய்விடும்.

ஆகவே மரத்தில் ஒரு தாங்கி செய்தேன். பழைய மேப்பிள் கட்டை ஒன்று இருந்தது. அதன் உச்சியில், பின்பக்கம் திறந்திருக்கும்படி 'ப' வடிவில் ஒரு வாயை வெட்டினேன். பிஸ்டலின் பின்கோடியில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வந்து பொருந்தும் வளைவு இருக்கிறதே, அந்த வளைவின் இரண்டு ஓரங்களும் கட்டையின் இரு தோள்களின் மேல் உட்கார வேண்டும். நடுவில் ஹவுசிங் விரிந்து இறங்கத் தடையில்லாத இடம் இருக்க வேண்டும். தோள்களின் மேல் மெல்லிய தோலை ஒட்டினேன். கட்டையை வைஸில் செங்குத்தாக இறுக்கி, பிஸ்டலை அதன்மேல் அமர்த்தி, குழலின் முன்முனைக்கு அடியில் துணிச் சுருளை முட்டுக் கொடுத்ததும், எல்லாம் பாறைபோல நின்றது. சுத்தியல் நேராகப் படுவதற்கு, பின்னின் தலையைவிடச் சற்றே குறுகிய, தட்டை முனையுள்ள பித்தளைப் பஞ்ச் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பித்தளை எஃகைவிட மென்மையானது. நசுங்குவதென்றால் பஞ்ச்தான் நசுங்கும், பின் நசுங்காது. கூம்பு வடிவப் பஞ்ச்சை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது தொடக்க அடிக்கு வலுவானது என்றாலும், பின் கீழே போகப் போகக் கூம்பின் பருத்த பகுதி துளையின் விளிம்பில் சிக்கிக்கொள்ளும்.

முதல் அடியிலேயே வேறுபாடு தெரிந்தது. பின் அசைந்தது, மயிரிழை அளவுதான், ஆனால் உறுதியாக அசைந்தது. இரண்டாவது அடிக்கு இன்னும் கொஞ்சம் போனது. மூன்றாவது அடிக்கு நின்றுவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு என்று அடித்தும் அதே இடம். அதுவரை மந்தமாக இருந்த ஒலி, மூன்றாவது அடியிலிருந்து பட்டறைக்கல்லில் அடித்ததுபோலக் கணீரென்று மாறியிருந்தது.

இந்த ஒலி மாற்றத்தைத்தான் முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அழுக்கும் துருவும் பிடித்து வைத்திருக்கும் பின், அடிக்கு ஒரு இம்மியாகவாவது நகர்ந்துகொண்டே இருக்கும். ஒலியும் மெதுவாகத்தான் மாறும். ஓர் இடம் வரை வந்து, அங்கே எத்தனை அடித்தாலும் ஒரே ஒலியோடு நிற்கிறது என்றால், அது பிடிப்பால் நிற்கவில்லை, ஏதோ ஒன்றின் மேல் முட்டி நிற்கிறது. முட்டி நிற்கும் பொருளை மேலும் அடித்தால் இரண்டில் ஒன்று சேதமாகும். சுத்தியலை வைத்துவிட்டேன்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடியை எடுத்து, மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டு ஒளியில் பின்னின் தலையைப் பார்த்தேன். வார்னிஷ் கரைந்துவிட்டதால் முதல் நாள் தெரியாத ஒன்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. பின்னின் உச்சியில் பிறை வடிவத் தழும்புகள் மூன்று நான்கு, ஒன்றின்மேல் ஒன்றாக. எப்போதோ யாரோ எஃகுச் சுத்தியலால் அடித்த அடையாளங்கள் அவை. அந்த அடிகளில் பின்னின் விளிம்பு வெளிப்புறமாகப் பிதுங்கி, பழைய உளியின் தலையைப் போல விரிந்திருந்தது. விரிந்த விளிம்பு துளையைவிடச் சற்று அகலம்; அது ரிசீவரின் முதுகின்மேல் தொப்பிபோல உட்கார்ந்திருந்தது. பின் கீழே இறங்க வேண்டுமானால் இந்தத் தொப்பியும் துளைக்குள் நுழைய வேண்டும். அது முடியாது. மேலிருந்து விழும் ஒவ்வொரு வன்மையான அடியும் அதை இன்னும் விரிக்கத்தான் செய்யும். இறங்காத பின்னை இறக்க அடித்த அடிகளே, அதை இறங்கவே முடியாதபடி செய்திருக்கின்றன. பழைய அழுக்கு இந்தத் தொப்பியின் அடியிலிருந்த மெல்லிய இடைவெளியை நிரப்பி மூடியிருந்ததால், முதல் நாள் அது பின்னின் இயல்பான தலைபோலவே என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் மாலை அரத்துக்கு ஒதுக்கினேன். முதலில் ஹவுசிங்கை அடியிலிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தி, பின்னைப் பழைய உயரத்துக்கு ஏற்றினேன். எண்ணெய் ஊறியிருந்ததால் எளிதாக ஏறியது. இப்போது தொப்பிக்கும் ரிசீவருக்கும் இடையில் கீற்றுப்போல ஓர் இடைவெளி கிடைத்தது. ரிசீவரின் கருநீல மெருகைக் காப்பாற்ற வேண்டுமே என்பதுதான் என் பெரிய கவலை. அரம் ஒருமுறை வழுக்கினாலும் அந்த வெள்ளைக் கீறல் என்றென்றைக்கும் கண்ணை உறுத்தும். குளிர்பானக் கேனிலிருந்து ஒரு தகட்டை வெட்டினேன். அது ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம்தான் இருக்கும். அதன் நடுவில் பின்னின் தண்டு அளவுக்குத் துளையிட்டு, துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு பிளவு வெட்டி, சாவித்துவாரம் போன்ற வடிவில் தொப்பிக்கு அடியில் பக்கவாட்டில் செருகினேன். அதைச் சுற்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். அரத்தூள் துளைக்குள் போகாமலிருக்க, தகட்டின் ஓரங்களில் கெட்டியான கிரீசை வரப்புப்போலத் தடவினேன்.

நகை செய்பவர்கள் பயன்படுத்தும் மெல்லிய அரத்தில், ஒரு பக்கம் பல் இல்லாத வகை உண்டு. பல்லில்லாத அந்தப் பக்கத்தைத் தகட்டின் மேல் படியவைத்து, பின்னின் விளிம்பை மட்டும், முன்னோக்கிய ஒரே திசையில், சுற்றிச் சுற்றி அராவினேன். இருபது முப்பது இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, காந்தத்தால் தூளை எடுத்து, கைக்கண்ணாடியில் பார்த்தேன். பிதுங்கிய உலோகம் பிசிர்போலச் சுருண்டு உதிர்ந்தது. விளிம்பு தண்டின் அளவுக்கு வந்ததும், எண்ணெய் தொட்ட சாணைக்கல் துண்டால் மேல் ஓரத்தில் லேசான சரிவு கொடுத்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். அவசரப்பட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம், ஆனால் அப்போது ரிசீவர் இந்த அழகோடு இருந்திருக்காது.

தகட்டை எடுத்து, கிரீசைத் துடைத்து, பிஸ்டலை மீண்டும் மரத் தாங்கியில் அமர்த்தினேன். பித்தளைப் பஞ்ச்சை வைத்து, கதவைத் தட்டும் அளவுக்கு ஒரு தட்டு. முந்தைய நாள் முட்டி நின்ற இடத்தைத் தாண்டிப் பின் ரிசீவரின் முதுகுக்குள் மறைந்தது. இரண்டாவது தட்டுக்குப் பிறகு பஞ்ச் தேவைப்படவில்லை. ஹவுசிங்கைப் பிடித்து இழுத்ததும் எண்ணெய் சொட்டச் சொட்ட முழுப் பின்னும் கைக்கு வந்தது. அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்டு முழுவதும் நேராகவும் பழுதில்லாமலும் இருந்தது. மேல்முனையில் மட்டும் பழைய அடிகளின் குழிகள்.

அதன்பின் போல்ட் பின்புறமாக உருவிக்கொண்டு வந்தது. ரிசீவரின் பின்முனையை நைலான் சுத்தியலால் முன்னோக்கித் தட்டியதும் ஃபிரேமிலிருந்து அது கழன்றது. உள்ளே இருந்த அழுக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கரியும் மெழுகும் ஈயமும் கலந்து கருங்களிம்பாக ஒவ்வொரு மூலையிலும் அடைந்திருந்தது. கரைப்பானும் நைலான் பிரஷும் பல் குத்தும் குச்சியும் கொண்டு எடுத்தேன். ஈயம் கலந்த அழுக்கு என்பதால் கையுறை அணிந்து, கராஜின் கதவைத் திறந்து வைத்துச் செய்தேன். துடைத்த துணிகளைத் தனிப் பையில் கட்டினேன். பின் ஏறி இறங்கும் துளைகளைப் பஞ்சு சுற்றிய குச்சியால், பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன். பின்னை 600 எண் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு நீளவாக்கில் நாலு தேய்ப்புத் தேய்த்தேன். அதற்கு மேல் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வேண்டும் என்று தேய்த்துத் தண்டை மெலிய விட்டால், இறுக்கம் போய் ரிசீவர் ஆடத் தொடங்கிவிடும்.

திரும்பப் பூட்டும்போது இந்தப் பிஸ்டல் பலரை அழ வைக்கும். ரிசீவரை ஃபிரேமின் முன்பக்கக் கொண்டியில் மாட்டிப் பின்னுக்குத் தள்ளி, துளைகள் நேர்கோட்டில் வரும்படி அமைத்து, போல்டைச் செருக வேண்டும். ஹேமர் முன்னே சாய்ந்திருந்தால்தான் பின் தடையின்றி மேலேறும். குழல் வாயைக் கீழே சாய்த்து விசையை அழுத்தினால் ஹேமர் தானே முன்னே விழும். பின்னை மேலேற்றித் தலை தெரிந்ததும், இப்போது பிஸ்டலைத் திருப்பிக் குழல் வாயை மேல்நோக்கி நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஹேமரின் பின்னால் தொங்கும் ஸ்ட்ரட் என்னும் சிறு தண்டு பின்பக்கமாக வந்து, ஹவுசிங்கிலுள்ள மெயின்ஸ்பிரிங்கின் குழியில் உட்காரும். டார்ச் அடித்து அதைக் கண்ணால் பார்த்த பிறகே ஹவுசிங்கை மூடினேன். மூடும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் மூடினால் ஸ்ட்ரட் வேறெங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். மூடிய பின் போல்டை இழுத்துப் பார்த்தேன், கடைசி வரை வந்தது. பாதியில் நின்றிருந்தால் தயங்காமல் ஹவுசிங்கைத் திறந்து இந்தப் படியை மறுபடி செய்திருப்பேன். அந்த நிலையில் போல்டைப் பலத்தால் இழுப்பவர்கள் பாகங்களை வளைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு விசை, மேகசின் பிடிப்பு, காலி மேகசினில் போல்ட் பின்னால் நிற்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்தேன்.

இந்தக் குடும்பத்தின் 2016-இல் வந்த மார்க் 4-இல், பின்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி முழுவதும் கீலில் சாய்ந்து திறந்துகொள்கிறது. சுத்தம் செய்வதற்கு அது எவ்வளவு வசதி என்பதை அறிவேன். ஆனாலும் மார்க் 2-இன் இந்த ஒற்றைப் பின் எத்தனை பாகங்களை ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, பழைய வடிவத்தின் மேல் எனக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

அடுத்த வாரம் பயிற்சித் தளத்தில் நூறு தோட்டாக்கள் சுட்டுவிட்டு வந்து, அன்று இரவே மறுபடி பிரித்துப் பார்த்தேன். நைலான் சுத்தியலின் ஒரே தட்டில் பின் அசைந்தது, மீதியைக் கையால் இழுத்தேன். தலையின் விளிம்பைக் கைக்கண்ணாடியில் பார்த்தேன். சாணைக்கல் கொடுத்த சரிவு அப்படியே இருந்தது. தண்டில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் தடவி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பூட்டினேன். சாவித்துவார வடிவிலான அந்தக் கேன் தகட்டையும் பித்தளைப் பஞ்ச்சையும் பிஸ்டல் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.